திரையோரத்துப் புள்ளிகள்

பிரிஸில்லா வேலைக்கு வந்துவிட்டாள் என்பதை முத்துராணிக்குத் திரைதான் சொல்லும். மதியச் சோற்றைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருகிற நேரமாகப் பார்த்து, அதுவரை விரிந்து கிடந்த கம்ப்யூட்டர் திரை சட்டென்று ஒடுங்கும். கட்டங்களெல்லாம் மேலே இடதுமூலைக்குப் போய் நெருக்கியடித்து நிற்கும். மிச்சமுள்ள இடம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிடக்கும், புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி.

இரண்டு பேர் இரண்டு வீட்டிலிருந்து ஒரே வேலையைத் திறந்து பார்த்தால், யாருடைய திரை சின்னதோ அந்த அளவுக்குத்தான் இருவருக்கும் காட்டும். முத்துராணியிடம் இருந்தது மூடிப்போன ஏதோ பிரௌசிங் சென்டரிலிருந்து வந்த பெரிய திரை. பிரிஸில்லாவிடம் இருந்தது மடியில் வைக்கிற சின்ன லேப்டாப். முத்துராணி தச்சநல்லூரில் மாடியில் ஒற்றை அறை எடுத்து இருந்தாள். பிரிஸில்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில், தாயாரோடு. திரை ஒடுங்கினால் அவள் வந்தாள், பொழுது சாய்ந்து விரிந்தால் அவள் போனாள். செருப்பைக் கழற்றுகிற சத்தமோ நாற்காலியை இழுக்கிற சத்தமோ கிடையாது. ஆனாலும் ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோலவே இருக்கும். முத்துராணியின் வேலைநேரம் மதியத்தோடு முடிந்துவிடும் என்றாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். எழுந்து எங்கே போவது?

வேலை இதுதான். செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குத் தச்சநல்லூரில் கம்ப்யூட்டர் கடை. கடை வியாபாரத்தைவிட அவருக்குச் சோறு போட்டது வேறு. திருச்செந்தூர் லாட்ஜுகள், இரண்டு மூன்று அரிசி ஆலைகள், மருந்துக்கடைகள் என்று பல இடங்களில் ஓடுகிற சர்வர் பெட்டிகளை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். ரூம் பதிவதும் பில் போடுவதும் அந்தப் பெட்டிகளில்தான். கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடு மிஷின் என்று பெயர். முத்துராணி வீட்டிலிருந்து நடு மிஷினுக்குள் போவாள். அங்கிருந்து எல்லா ஊர்ப் பெட்டிக்கும் இணைப்பு போகும். அத்தனையையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறுத்துகிற புரோகிராமுக்கு டீமக்ஸ் என்று பெயர்.

அந்தப் பெயர் முத்துராணியின் வாயில் நிற்கவில்லை. அவளுக்கு அவை பாத்திகள். மணிமுத்தாற்றுக்குக் கீழே ஒரு கிராமத்தில் நாற்று நட்டும் பீடி சுற்றியும் வளர்ந்தவள் அவள். கல்யாண வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்துக் கூட்டப் படித்தாள். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறி, அண்ணாச்சி கடையில் தூசி துடைக்கச் சேர்ந்து, துடைத்த பெட்டியின் முன்னால் பிறகு உட்கார்ந்தவள். வரப்பில் நின்று பார்க்கிறதுபோல அவள் திரையைப் பார்ப்பாள். எந்தப் பாத்தியில் எழுத்து ஓடாமல் நிற்கிறது, எதில் சிவப்பு தட்டுகிறது என்று கண் தானாகவே போகும். அவள் வீட்டில் கரண்டு போனாலும் நெட் போனாலும் பாத்திகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடு மிஷினில் கிடக்கும். திரும்ப வந்து திறந்தால் விட்டது விட்டபடி இருக்கும்.

பேச்சுக்கும் அதிலேயே ஒரு வழி இருந்தது. கட்டளை எழுதுகிற இடத்தில் முதலில் # என்ற குறியைப் போட்டுவிட்டால், அதற்குப் பின்னால் என்ன எழுதினாலும் மிஷின் கண்டுகொள்ளாது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பு கட்டிய மாதிரி இருந்ததால் முத்துராணி அதற்கு வேலி என்று பெயர் வைத்தாள். வேலிக்குப் பின்னால் இருவரும் பேசுவார்கள். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள்.

"# வந்துட்டேன் ராணி. நாலாவது பாத்தி ஏன் மூச்சு வாங்குது?"

"# காலைலருந்தே அப்படித்தான். அந்த லாட்ஜ் மேனேஜர் பிச்சைக்கண்ணு மாதிரியே இருக்கு. ஒரு வேலைக்கு ஒம்பது பெருமூச்சு."

"# அவரு போன் பண்ணாரா?"

"# பண்ணாம? பெட்டி சூடா இருக்குன்னு ஈரத்துணி போட்டு வச்சிருக்காராம்."

"# ஐயோ, எடுக்கச் சொல்லு ராணி."

"# எடுத்தாச்சு. இப்ப விசிறி வச்சிருக்காரு. ஒரு பையன் வீசுதானாம்."

இப்படித்தான். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது கடையில் ஒரு ஆயுதபூஜையின்போது. பிரிஸில்லா பொரி தின்றாளா, தின்னவில்லையா என்றுகூட முத்துராணிக்கு நினைவில்லை. ஆனால் அவள் தட்டுகிற விதம் தெரியும். வேகமாகப் போய், சட்டென்று நின்று, ஒரு வார்த்தையை அழித்து, பைய வேறு வார்த்தை போடுவாள். கோபமாக இருந்தால் அழிக்க மாட்டாள்.

கோளாறு வந்தது மடையில்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே கட்டளையைக் கொடுக்க வேண்டிய நாள் வரும். அன்றைக்கு ஒவ்வொரு பாத்தியாகப் போய்த் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு விசையை அழுத்தினால் எல்லாப் பாத்தியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்றில் எழுதுவது எல்லாவற்றிலும் விழும். முத்துராணி அதை மடை திறக்கிறது என்பாள். வேலை முடிந்ததும் அடைத்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்திருந்த ஒரு நாள் அவள் அடைக்க மறந்துபோனாள். மறந்த கையோடு, முந்தின நாள் பிரிஸில்லா இரகசியமாகச் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பதில் எழுதினாள்.

"# பிரிஸி, அந்த ஸ்கூல் வேலை கெடச்சா அண்ணாச்சிகிட்ட இப்பவே வாய விட்டுராத. கடைசி நாள் சொல்லிக்கிடலாம். முன்னக்கூட்டித் தெரிஞ்சா மூஞ்சிய மொறம் மாதிரி வச்சிக்கிட்டு அலைவாரு."

வேலிக்குப் பின்னால் எழுதியதால் எந்தப் பெட்டிக்கும் சேதம் இல்லை. ஆனால் எல்லாப் பாத்தியிலும் அது விழுந்தது. அவற்றில் ஒன்று அண்ணாச்சியின் கடைப் பெட்டி. வருகிறவர்கள் பார்த்து மலைக்கட்டும் என்று அதன் பாத்தியை அவர் ஒரு பெரிய டிவியில் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். கறுப்பில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தாராம்.

"என்ன வே செந்தூர்பாண்டி, ஒம்ம டிவி ஒமக்கே கோள் சொல்லுது. மொறம்னு வேற சொல்லுது."

அண்ணாச்சி போன் போட்டபோது முத்துராணிக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

"எழுதுனது நாந்தான் அண்ணாச்சி. அவ ஒண்ணும் சொல்லல."

"எழுதுனது நீன்னு தெரியாமலா பேசுதேன்? மொறத்த நான் மன்னிச்சிட்டேன், என் மூஞ்சி எனக்குத் தெரியும். போறேன்னு நெனச்சவ எவ? அவதான?"

"அவ இன்னும் முடிவே பண்ணல அண்ணாச்சி."

"நான் பண்ணிட்டேன். அவ சாவிய எடுத்துட்டேன்."

சாவி என்றால் கதவுச் சாவி இல்லை. நடு மிஷினுக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி உண்டு. அதுவும் எழுத்துதான், நீளமான எழுத்து. பிரிஸில்லாவின் சாவியை அவர் அழித்துவிட்டார். அடுத்த நாளே ஸ்கூல் வேலை வேறொருத்திக்கு என்று ஆகிவிட்டது. அதை அண்ணாச்சிதான் சொன்னார், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எனக்கு அது தெரியாது பிள்ள. தெரிஞ்சிருந்தா…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். திரும்பக் கூப்பிடுங்கள் என்று முத்துராணி கேட்டாள். நாலு பேர் பார்க்கச் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்றார்.

பிரிஸில்லா போனை எடுக்கவில்லை. முத்துராணி காலையில் அடித்தாள், குளித்துவிட்டு அடித்தாள், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோது அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது.

இனிமேல் திரை ஒடுங்காது, எப்போதும் விரிந்தே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான், சாவி போன மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்தாள். பாத்திகளைத் திறந்தாள்.

கட்டங்கள் இடதுமூலையில் ஒடுங்கி நின்றன. மிச்சமெல்லாம் புள்ளிகள்.

வெகுநேரம் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாசல் சாவியை வாங்கிக்கொண்டால் வெளியே இருக்கிறவள் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவளை அது ஒன்றும் செய்யாது. அண்ணாச்சி சாவியை அழித்த நேரத்தில் பிரிஸில்லா உள்ளே இருந்திருக்கிறாள். இன்னும் வெளியே போகவில்லை. லேப்டாப்பை மூடவில்லை, நெட்டைத் துண்டிக்கவில்லை. ஒரு தடவை அறுந்தால் போதும், அவளால் திரும்ப வர முடியாது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளா, லேப்டாப் மட்டும் திறந்து கிடக்கிறதா என்றும் தெரியாது. முத்துராணி நடு மிஷினுக்கென்று இருந்த பாத்திக்குப் போய், மடை அடைத்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, எழுதினாள்.

"# பிரிஸி, இருக்கியா?"

பதில் இல்லை.

"# நான் வேணும்னு பண்ணல. மடைய அடைக்க மறந்துட்டேன்."

அதற்கும் இல்லை. எழுத்து நிற்கிற இடத்தில் அந்தச் சின்னக் கட்டை மின்னி மின்னி அணைந்தது.

அன்றைக்கு அவள் மடைக்கு ஓர் ஏற்பாடு செய்தாள். மடை திறந்திருக்கும்போது பாத்திகளின் வரப்பெல்லாம் சிவப்பாகவும், அடைத்தால் பச்சையாகவும் தெரியும்படி மாற்றினாள். செய்த பிறகு, இதை முன்பே செய்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்து உட்கார்ந்தால் லேசில் போகாது என்று அவளுக்குத் தெரியும். எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

உள்ளே இருக்கிற இன்னொருவரை வெளியேற்ற ஒரே ஒரு கட்டளை போதும். முறைப்படி பார்த்தால் அதை அவள் செய்திருக்க வேண்டும், குறைந்தது அண்ணாச்சியிடம் சொல்லியாவது இருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. ஒடுங்கிய திரையில் எழுத்தெல்லாம் பொடியாகத் தெரியும், நாள் முழுக்கப் பார்த்தால் கண்ணில் நீர் கோக்கும். அதைப் பொறுத்துக்கொண்டாள். காலையில் கண் விழித்ததும் முதலில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். பிறகுதான் பல் விளக்குவாள். எழுதுவதையும் நிறுத்தவில்லை. பிச்சைக்கண்ணு புதிதாக என்ன செய்தார், கீழ்வீட்டில் மிக்ஸி எப்படிக் கத்துகிறது, தாமிரபரணியில் தண்ணீர் செம்மண் நிறமாக வருகிறது என்று தினமும் இரண்டு மூன்று வரி. பதில் வராத இடத்தில் பேசிக்கொண்டிருப்பது லேசான காரியம் அல்ல. வரவரப் பேச்சு குட்டையாகிக்கொண்டே போனது. ஒருநாள் வேலியை மட்டும் போட்டுவிட்டு, பின்னால் எழுத ஒன்றும் தோன்றாமல் அழித்துவிட்டாள்.

கந்த சஷ்டி தொடங்கித் திருச்செந்தூர் நிரம்பத் தொடங்கிய சனிக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, நடு மிஷின் இழுத்துக்கிட்டு கெடக்கு. எல்லாத்துக்கும் அப்டேட் வந்திருக்குல்லா? ஊர்ப் பெட்டிக்கெல்லாம் எறக்கி மட்டும் வையி. சஷ்டி முடியாம அதுகள நிறுத்தக் கூடாது. நடு மிஷின மட்டும் திங்கக்கிழமை மத்தியானம் நிறுத்தி எழுப்பிரு."

நடு மிஷின் ஒரு தடவை நின்றால் அதற்குள் இருக்கிற அத்தனை பாத்தியும் போகும். பாத்தியோடு உள்ளே இருக்கிற ஆளும் போவாள்.

"சஷ்டி கழியட்டுமே அண்ணாச்சி. இப்ப எதுக்கு?"

"சூரசம்காரத்துக்கு முந்தின நாள் அது படுத்துட்டா யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?"

"நல்லாத்தான ஓடுது."

"எங்கன நல்லா ஓடுது? நேத்து நான் ஒரு எழுத்து தட்டுனேன், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா அப்பத்தான் விழுது. திங்கக்கிழமை. கேட்டியா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை அவள் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். முகவரி கடையில் கிடைத்தது. கோயில் கலைந்து வருகிற நேரம். வெள்ளைச் சேலைக்காரிகள் கையில் பைபிளோடு கூட்டம் கூட்டமாகத் தெருவை நிறைத்து வந்தார்கள். அவர்களுக்கிடையே, கொண்டையில் பிச்சிப்பூவோடு அவள் ஒருத்தி எதிர்த்திசையில் நடந்தாள். வீட்டின் முன்னால் ஒரு பெரியம்மாள் சுவரைப் பிடித்துச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிரிஸில்லாவின் தாயார் சாரம்மாள்.

"யாரும்மா?"

"முத்துராணி. தச்சநல்லூர்."

சாரம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று முத்துராணி காத்திருந்தாள். வரவில்லை.

"ஓ, அந்த ராணியா. அவ இருக்கா. ஆனா வர மாட்டா. நீ வருவேன்னு முந்தாநாளே சொன்னா. வந்தா உள்ள கூப்பிடாதீங்கம்மான்னும் சொன்னா. நான் என்ன செய்ய?"

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன் பெரியம்மா."

"கோயிலுக்கும் இன்னைக்கு வரல. போதகரு கேக்காரு, என்ன சொல்லுதது? அந்தப் பெட்டி முன்னாலயே இருக்கா. அதுல என்னதான் இருக்கோ. மூட விடமாட்டேங்கா. தூசி தட்டக்கூட விடல. கரண்டு போனா அடுப்புல பாலு பொங்குன மாதிரி ஓடி வந்து பாக்கா. பக்கத்து வீட்டு வயர இழுத்து மாட்டியிருக்கா. 'வேலதான் போயிட்டே, இன்னும் எதுக்குடி அது'ன்னா, பேச்சக் காணோம்."

முத்துராணி உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே போகும் நடைவழியின் கடைசியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே ஒரு நிழல் இருந்தது. நாற்காலியின் நிழலாகவும் இருக்கலாம்.

"நாளைக்கு மத்தியானம்னு மட்டும் சொல்லிருங்க பெரியம்மா."

"என்ன நாளைக்கு மத்தியானம்?"

"அவளுக்குத் தெரியும். நடு மிஷின நிறுத்துதோம்."

"காப்பி குடிச்சிட்டுப் போயேன்."

"இருக்கட்டும் பெரியம்மா."

திரும்பி வருகிற பஸ் வண்ணார்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறி நின்றது. கீழே ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. பிரிஸில்லா தன்னைப் போலவே காவல் காக்கிறாள் என்று முத்துராணிக்கு இப்போது தெரியும். அதனால் நிம்மதி வரவில்லை. இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருக்க, நாளைக்கு அதை அறுக்கிறவளும் தான்தான் என்று ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் மடையைத் திறந்தாள். வரப்பெல்லாம் சிவப்பாயின. அப்டேட்டை இறக்கச் சொல்லி ஒரு பாத்தியில் தட்டினாள், எல்லாப் பெட்டியும் இறக்கத் தொடங்கின. ஊருக்கு ஊர் வேகம் வேறு. ஆலைப் பெட்டிகள் கிடுகிடுவென்று முடித்தன. லாட்ஜ் பெட்டிகள் ஊர்ந்தன. நடுவில் பிச்சைக்கண்ணு போன் செய்தார்.

"தாயி, என்னமோ பண்ணுதியே, இங்கன பில்லு வருமா?"

"வரும் அண்ணாச்சி. நிறுத்தல. எறக்குதோம், அவ்வளவுதான்."

"இல்ல, வாசல்ல ஒரே சனம். பச்சையும் காவியுமா உக்காந்திருக்கு. விரதக்காரவ. இப்பப் போயி பெட்டி நின்னுச்சுன்னா, வேலு என் மேலதான் பாயும்."

"நிக்காது. விசிறிய நிறுத்தியாச்சா?"

"ஏசி ரூமுல வச்சிட்டேன். நாங்க வெளிய வேர்க்கோம், அது உள்ள குளிருல இருக்கு."

முன்னெல்லாம் இதை உடனே வேலிக்குப் பின்னால் எழுதியிருப்பாள். போனை வைத்துவிட்டு அடுத்த பாத்தியைப் பார்க்கப் போனாள்.

மதியம் ஆனது. எல்லாப் பெட்டியும் இறக்கி முடித்துவிட்டன. சோறு வடித்திருந்தாள், தின்னவில்லை. பிரிஸில்லா வழக்கமாக வருகிற நேரம். வர வேண்டியவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். முத்துராணி நடு மிஷினின் பாத்திக்கு வந்து உட்கார்ந்தாள். ஏதாவது எழுத வேண்டும். என்ன எழுதினாலும் இன்னும் சற்று நேரத்தில் அழிந்துபோகும். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. போய்வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. போகிறவள் தான் இல்லையே.

அவள் வலப்பக்கப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் பார்த்தும் அவை வரிசையாக இருக்கின்றனவா தாறுமாறாக இருக்கின்றனவா என்று அவள் கவனித்ததில்லை. வரிசையாகத்தான் இருந்தன. பாய் நெய்தாற்போல். அவற்றைப் பார்த்தபடியே, கண்ணைத் திருப்பாமல், மிஷினை நிறுத்தி எழுப்புகிற கட்டளையைத் தட்டினாள். வயதான பிறகு படித்த எழுத்து என்றாலும் இந்த எழுத்துகளுக்கு விரல் பழகிப்போயிருந்தது. அதை ஓட வைக்கிற கடைசி விசை மட்டும் பாக்கி. அதன்மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல வைத்துக்கொண்டே இருந்தாள்.

திரையில் ஏதோ மாறியது.

வரப்புகள் பச்சையாக இருந்தன.

எப்போது மாறின? இத்தனை நேரம் அவை… முத்துராணி விரலை எடுத்தாள். காலையிலிருந்து சிவப்பாகவே பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு அது வித்தியாசமாகத் தெரியாமலே போயிருந்தது. அவள் மடையை அடைக்கவில்லை. இப்போதும் அடைக்கவில்லை. அவள் கை விசைப்பலகையின்மேல் சும்மா இருந்தது. மடை தானாக அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் மற்றப் பாத்திகளைப் பார்த்தாள். லாட்ஜ், ஆலை, மருந்துக்கடை, அண்ணாச்சி கடைச் சுவர், எல்லாவற்றிலும் அவள் தட்டிய அதே கட்டளை எழுதி நின்றது. ஒரு விசை விழுந்திருந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் படுத்திருக்கும். பச்சையும் காவியுமாக வாசலில் உட்கார்ந்திருக்கிற சனம் அவள் கண்முன்னால் வந்தது. பிச்சைக்கண்ணுவின் ஏசி ரூம் வந்தது.

இனி அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். அவள் கையை நீட்டும் முன் இரண்டாவது பாத்திக்கு எழுத்துக்கட்டை தாவியது. எழுதியிருந்தது ஒரே வீச்சில் அழிந்தது. மூன்றாவதுக்குப் போனது. அழிந்தது. நாலாவதில் சற்று நின்றது. பிச்சைக்கண்ணுவின் பாத்தி. அழிந்தது.

முத்துராணி கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வரப்பு வரப்பாகத் தாண்டிப்போய்க் களை பிடுங்குகிறவளைக் கரையில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. அவசரமே இல்லை. எங்கேயும் தடுமாறவில்லை. கடைசியாக அண்ணாச்சியின் சுவரில் நின்றதையும் அழித்துவிட்டு, எழுத்துக்கட்டை நடு மிஷினின் பாத்திக்குத் திரும்பி வந்தது. அங்கே அந்தக் கட்டளையை அழிக்கவில்லை, அது நிற்க வேண்டியதுதானே. வரியின் தலைக்குப் போனது. அதற்கு முன்னால் ஒரு குறியைப் போட்டது.

#

கட்டளை வேலிக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது கடைசி விசையை அழுத்தினாலும் மிஷின் நிற்காது.

நிறுத்தாதே என்கிறாளா? இல்லை, ஏதோ சொல்லத்தான் வேலியைப் போட்டாளா? எழுத்துக்கட்டை வேலிக்குப் பக்கத்தில் மின்னி மின்னி அணைந்தது. கீழ்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. யாரோ மாடிப்படியில் ஏறி, பாதியில் திரும்பி இறங்கிப் போனார்கள். ஓர் எழுத்து விழுந்தது. 'ராணி' என்று தொடங்குகிற எழுத்து. உடனே அழிந்தது.

கோபமாக இருந்தால் அவள் அழிக்க மாட்டாள்.

பிறகு அந்த வேலியும் அழிந்தது. கட்டளை பழையபடி வெறுமனே நின்றது.

திரை விரிந்தது. பாத்திகளெல்லாம் அகன்று மேசையளவுக்குப் பரந்தன. புள்ளிகள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன, பெரிது பெரிதாக, கண்ணை இடுக்காமல் வாசிக்கிற மாதிரி. நடு மிஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்துவதற்கு முன்பே, தன் கையால் மூடிக்கொண்டு பிரிஸில்லா போய்விட்டாள். அறுக்கிற வேலையை முத்துராணிக்கு வைக்கவில்லை.

முத்துராணி போனை எடுத்து அவள் எண்ணை அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

வரப்புகள் பச்சையா என்று ஒரு தடவை பார்த்தாள். பச்சைதான். கடைசி விசையை அழுத்தினாள். பாத்திகள் போயின, திரை கறுத்தது. மிஷின் எழுந்து வருவதற்குள் தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து தின்றாள்.

மிஷின் எழுந்ததும் பாத்திகளை ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்டினாள். லாட்ஜுகள், ஆலைகள், மருந்துக்கடைகள், அண்ணாச்சி கடை. ஒவ்வொன்றிலும் எழுத்து ஓடத் தொடங்கியது. அண்ணாச்சி போன் செய்தார்.

"முடிஞ்சிதா பிள்ள?"

"முடிஞ்சிது அண்ணாச்சி."

"இப்ப வேகமா இருக்கா?"

"வேகமா இருக்கு."

"தனியா எல்லாத்தையும் சமாளிச்சிட்டியே. அதான பாத்தேன்."

முத்துராணி அதற்குப் பதில் சொல்லவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்து அவர் இரண்டு தடவை அலோ, அலோ என்றுவிட்டு வைத்தார். அவள் விரிந்த திரையைப் பார்த்தாள். பிறகு பாத்திகள் இருந்த அந்தக் கட்டத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள், எழுத்தெல்லாம் மறுபடி பொடியாகிற அளவுக்கு. இத்தனை நாள் இருந்த அதே அகலத்தில் கொண்டுவந்து விட்டாள். ஓரத்தில் இடம் காலியாகக் கிடந்தது. புள்ளிகள் வரவில்லை.